ஊசிக்கு அப்புறம் அரை மணி நேரம்

குழு: மஞ்சக்குப்பம் வீடு
சனிக்கிழமை, மாலை 3:40

அக்கா: ஷிஃப்ட் முடிந்து இப்போதுதான் போனைப் பார்த்தேன். ஆயா எப்படி இருக்கிறார்?

சித்தி: தூங்குகிறார். காலையில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கிவிட்டது. சர்க்கரை 58 காட்டியது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்தேன். கால் மணி நேரத்தில் 84க்கு வந்தது.

அக்கா: 70க்குக் கீழே போனாலே ஆபத்து சித்தி. எப்படி ஆனது?

சித்தி: ஏழரைக்கு இன்சுலின் ஊசி போட்டேன். எட்டு மணிக்கு இட்லி வந்துவிடும் என்று நினைத்தேன். எட்டே முக்கால் ஆகிவிட்டது.

சித்தப்பா: என் தப்புதான் கண்ணு. இட்லியை வாங்கி வண்டியில் மாட்டிவிட்டேன். அதற்குள் துறைமுகத்திலிருந்து போன். மீன்பிடி லாஞ்சு வந்துவிட்டது, ஐஸ் வண்டியைக் காணோம் என்றார்கள். பத்து நிமிஷம்தானே என்று போனேன்.

அக்கா: கோபம் இல்லை என்று சொன்னால் பொய் சித்தப்பா. நெய்வேலியில் எனக்கு ஆறு மணி என்றால் ஆறு மணி. நான் போகும் வரை முந்தின ஷிஃப்ட் ஆள் வீட்டுக்குப் போக முடியாது. அந்தப் பழக்கம்தான் வீட்டிலும் வருகிறது.

சித்தப்பா: லாஞ்சு எப்போது கரை சேரும் என்று யாருக்குத் தெரியும்? வந்த நேரத்தில் ஏலம், ஐஸ், கூலி, மூன்று போன், எல்லாம் ஒன்றாகத்தான் ஓடும். ஒவ்வொன்றாக முடிக்கிறேன் என்று நின்றால் மீன் கெட்டுவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாள்தான் நான் கடிகாரம் பார்த்துச் சாப்பிடுகிறேன்.

நான்: எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் இந்த இரண்டு வகையையும் பிரித்துச் சொல்லியிருக்கிறார். ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று இருப்பவர்கள் ஒரு பக்கம். பல வேலையைச் சேர்த்து இழுத்துக்கொண்டு, அட்டவணையைவிட எதிரில் நிற்கிற ஆளைப் பெரிதாக நினைப்பவர்கள் இன்னொரு பக்கம். போன மாதம் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் டோக்கனுக்குக் காத்திருந்தது சித்தப்பாதான். அங்கிருந்தே வியாபாரத்தையும் பார்த்துக்கொண்டார். நீயாக இருந்தால் தவித்துப்போயிருப்பாய் அக்கா. ஆனால் ஊசிக்கு அப்புறம் வருகிற அரை மணி நேரம் யாருக்காகவும் நீளாது. ஊசி ஒருவர் கையில், இட்லி இன்னொருவர் கையில் இருந்ததுதான் தப்பு.

அக்கா: சரி. இனிமேல் சாப்பாடு வீட்டுக்குள் வந்த பிறகுதான் ஊசி. வீட்டில் யார் இருந்தாலும் இதுதான்.

சித்தப்பா: ஆஸ்பத்திரி, ரேஷன், காத்துக்கிடக்கிற வேலை எல்லாம் என்னிடம் விடுங்கள்.

சித்தி: நாளைக்கு மாவு இருக்கிறது. ஆறே முக்காலுக்கே இட்லி ஊற்றிவிடுகிறேன். நீங்கள் துறைமுகத்துக்குக் கிளம்புங்கள்.