பயண டிரெய்லரில் ஒரு டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்வது ஏன்?

கேள்வி:
வணக்கம். என் பயண டிரெய்லர் (காரின் பின்னே இழுத்துச் செல்லும் தங்கும் வண்டி) இரட்டை ஆக்சிலும் (இரு பக்கச் சக்கரங்களையும் தாங்கும் குறுக்குத் தண்டு) பட்டை ஸ்பிரிங்கும் கொண்டது. வலப்புறப் பின்சக்கரத்தின் டயரில் உள்விளிம்பு மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்துவிட்டது. நடுவிலும் வெளிவிளிம்பிலும் பட்டன் (தரையைத் தொடும் வரிப்பகுதி) ஏறக்குறையப் புதிதாகவே இருக்கிறது. மற்ற மூன்று டயர்களும் சீராகத் தேய்கின்றன. காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது தவறாமல் பார்க்கிறேன். புது டயர் போட்டால் போதும் என்று கடையில் சொல்கிறார்கள். காரணம் தெரியாமல் போட்டால் அதுவும் இப்படியே வீணாகுமே என்று கவலையாக இருக்கிறது. எங்கிருந்து ஆராயத் தொடங்கலாம்?

மறுமொழி 1:
உங்கள் கவலை நியாயமானது. காற்று குறைந்தால் இரு விளிம்புகளும் தேயும், மிகுந்தால் நடுப்பகுதி தேயும். ஒரு விளிம்பு மட்டும் தேய்வதற்குக் காற்று காரணமல்ல. சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்றே முதலில் ஐயப்பட வேண்டும். பட்டை ஸ்பிரிங் வண்டிகளின் ஆக்சில் குழாயைப் பெரும்பாலும் நடுவில் சற்றே மேல்நோக்கி வளைத்துத்தான் செய்கிறார்கள். பாரம் ஏறியதும் சக்கரங்கள் நேராக நிற்பதற்காக. அந்த வளைவு பாரத்தால் அமுங்கிப்போனாலோ, பள்ளத்தில் இறங்கி ஸ்பிண்டில் (சக்கரம் சுழலும் ஆக்சில் முனை) வளைந்தாலோ சக்கரம் சாய்ந்துவிடும்.

ஆனால் அளப்பதற்கு முன் பேரிங்கைப் பாருங்கள். வண்டியைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால் அதைச் சரிசெய்யாமல் எடுக்கும் எந்த அளவும் பயன்படாது. ஜாக்கியை ஆக்சில் குழாயின் அடியில் ஒருபோதும் வைக்காதீர்கள். குழாய் வளைவதற்கு அதுவே காரணமாகிவிடும். சேஸ் சட்டத்தில் தயாரிப்பாளர் குறிப்பிட்ட இடத்தில் வைத்து, தாங்கியும் கொடுங்கள்.

மறுமொழி 2:
டயரின் குறுக்கே உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பப் பற்களைப்போல் உறுத்தினால், சக்கரம் சாய்ந்திருப்பதைவிட நேர்த்திசையிலிருந்து விலகி ஓடுவதே காரணமாக இருக்கும். ஒரே ஆக்சிலின் இரு டயர்களுக்கு இடையிலான தூரத்தை முன்பக்கமும் பின்பக்கமும் அளந்து, இரண்டும் வேறுபட்டால் அது உறுதியாகும். ஸ்பிரிங்கை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிள் போல்ட்டுகளையும் கழற்றிப் பாருங்கள். போல்ட்டைச் சுற்றியுள்ள நைலான் புஷ் (உறை) தேய்ந்து இரும்போடு இரும்பு உரசும்போது துளை நீள்வட்டமாகி, ஆக்சிலே இடம் நகர்ந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. பேரிங்கில் ஆட்டம் இல்லை, புஷ்களும் நன்றாக உள்ளன. தடவினால் உறுத்தவில்லை. நேரான சட்டம் ஒன்றைச் சக்கரத்தின் அருகே செங்குத்தாக நிறுத்திப் பார்த்தபோது சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்ந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது. ஆக்சிலை நிமிர்த்த முடியுமா?

மறுமொழி 3:
முடியும், ஆனால் அதற்கு முன் எடை பாருங்கள். தண்ணீர் உட்பட முழுச் சாமான்களையும் ஏற்றி, ஒவ்வொரு சக்கரத்திலும் எவ்வளவு பாரம் விழுகிறது என்று தனித்தனியே அளக்க வேண்டும். குளிர்பெட்டியும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே பக்கத்தில் அமைந்த வண்டிகளில், மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் ஒரு சக்கரம் தன் திறனை மீறிச் சுமக்கும். அதைச் சீராக்காமல் நிமிர்த்திய ஆக்சில் மறுபடியும் வளையத்தான் செய்யும். குழாயின் வளைவு சிறிதாக இருந்தால் ஹைட்ராலிக் கருவியால், சூடாக்காமல் நிமிர்த்துவார்கள். நெருப்புக் காட்டுகிறவரிடம் கொடுக்காதீர்கள், இரும்பின் வலிமை போய்விடும். ஸ்பிண்டிலே வளைந்திருந்தால் ஆக்சிலை மாற்றிவிடுவதுதான் பாதுகாப்பு. தேய்ந்த டயரை உபரி டயராகக்கூட வைத்துக்கொள்ள வேண்டாம்.