நட்சத்திரத் தடப் படத்தில் சிவப்பு, நீலப் புள்ளிகள்

ராமநாதபுரத்தில் மொட்டை மாடியிலிருந்து நட்சத்திரத் தடம் (பல படங்களை அடுத்தடுத்து எடுத்துச் சேர்த்து, நட்சத்திரங்கள் நகர்வதைக் கோடுகளாகக் காட்டும் படம்) எடுக்கிறேன். 24 மெகாபிக்சல் மிரர்லெஸ் கேமரா, 18-55 கிட் லென்ஸ், எஃப் 3.5, ஐஎஸ்ஓ 1600, 30 விநாடி. வெயில் காலம் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு ஃபிரேமிலும் அதே இடத்தில் சிவப்பு, நீலப் புள்ளிகள். லென்ஸை மூடி எடுத்தாலும் வருகின்றன. பகல் படத்தில் ஒன்றுமே இல்லை.

நாய்ஸ் ரிடக்‌ஷன் (இப்படிப்பட்ட புள்ளிகளைக் குறைக்கும் கேமரா வசதி) போட்டால் புள்ளி போகிறது, ஆனால் கேமரா ஒவ்வொரு முறையும் இன்னொரு 30 விநாடி டார்க் ஃபிரேம் (ஒளி படாமல் எடுக்கும் கருப்புப் படம்) எடுப்பதால் தடம் கோடாக வராமல் விட்டு விட்டு விழுகிறது. சரி என்று மூடி போட்டுத் தனியாக டார்க் ஃபிரேம் எடுத்துக் கழித்தேன். புள்ளி இருந்த இடத்தில் கருப்பு ஓட்டை. பிக்சல் மேப்பிங் (பழுதான பிக்சல்களைக் கேமராவே கண்டறிந்து மறைக்கும் வசதி) இந்த மாடல் மெனுவில் இல்லை.

தடம் அறுபடாமல் இந்தப் புள்ளிகளை மட்டும் நீக்க என்ன வழி?