சங்க், ஃபிளாட்டன், ஃபர்ஸ்ட்: பைத்தான் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் சேர்க்கச் சொல்லலாமா?

கேள்வி:
பைத்தான் புராஜெக்ட் எதைத் திறந்தாலும் "யூட்டில்ஸ்" என்று ஒரு ஃபைல். உள்ளே அதே நான்கு ஃபங்ஷன்கள்: லிஸ்ட்டைச் சம துண்டுகளாக வெட்ட (சங்க்), லிஸ்ட்டுக்குள் இருக்கும் லிஸ்ட்டைத் தட்டையாக்க (ஃபிளாட்டன்), முதல் உறுப்பை எடுக்க (ஃபர்ஸ்ட்), ஸ்ட்ரிங்கின் முன்னொட்டை நீக்க. எல்லோரும் திரும்பத் திரும்ப எழுதுவதை பைத்தானோடு சேர்ந்தே வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரியிலேயே வைக்கச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். எதற்கு வாய்ப்பு உண்டு? முன்மொழிவில் என்னென்ன வேண்டும்?

பதில் 1:
இரண்டு ஏற்கெனவே வந்துவிட்டன. துண்டாக்க, பைத்தான் 3.12 முதல் ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் ஐடெர்டூல்ஸ் மாட்யூலில் "பேட்ச்ட்" இருக்கிறது. 10 உறுப்புகளை 3 3 ஆக வெட்டினால் கடைசித் துண்டில் 1 மட்டும் வரும். மீதி வரக்கூடாது என்றால் 3.13இல் சேர்ந்த "ஸ்ட்ரிக்ட்" கொடுங்கள், வேல்யூஎரர் எழும். ஒரே இட்டரேட்டரை (உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தருவது) மூன்று முறை ஜிப் என்ற இணைக்கும் ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் பழைய உத்தியில் அந்த 10வது உறுப்பு சத்தமில்லாமல் தொலைந்துபோகும். இடஎண் சொல்லி ஸ்லைஸ் செய்து வெட்டுவதோ, கேட்கும்போது மட்டும் உறுப்புகளை உருவாக்கித் தரும் ஜெனரேட்டரிடம் செல்லாது.

முன்னொட்டுக்கு 3.9இல் வந்த "ரிமூவ்பிரிஃபிக்ஸ்". பலர் ஸ்ட்ரிங்கின் தொடக்க எழுத்துகளை நீக்கும் எல்ஸ்ட்ரிப் போட்டுச் சிக்குகிறார்கள். அதற்குக் கொடுப்பது சொல் அல்ல, எழுத்துகளின் தொகுப்பு. "மாமரம்" என்பதில் "மா"வை எல்ஸ்ட்ரிப் செய்தால் "ரம்" மிஞ்சும். ம, துணைக்கால் இரண்டும் தொகுப்பில் இருப்பதால் இரண்டாவது "ம"வும் போய்விடும். ரிமூவ்பிரிஃபிக்ஸ் "மரம்" தரும்.

ரிமூவ்பிரிஃபிக்ஸைக் கொண்டுவந்த பெப் 616ஐ (பெப் என்பது பைத்தானுக்கான முன்மொழிவு ஆவணம்) படியுங்கள். புதிய மெத்தடால் எளிதாகும் இடங்களைப் பைத்தானின் சொந்த சோர்ஸ் கோடிலிருந்தே எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். "எல்லோருக்கும் வேண்டும்" என்று சொல்வதைவிட இப்படிப்பட்ட பத்து வரி கோடு எடைகூடியது.

பதில் 2:
ஃபிளாட்டன் கடினம். எத்தனை அடுக்கு பிரிப்பது? ஸ்ட்ரிங்கை என்ன செய்வது? "அ" என்ற ஒற்றை எழுத்து ஸ்ட்ரிங்கை இட்டரேட் செய்தால் மீண்டும் "அ" என்ற ஸ்ட்ரிங்தான் கிடைக்கும். அதனால் கவனிக்காமல் எழுதிய ரிகர்ஷன் (தன்னையே அழைக்கும் ஃபங்ஷன்), வழக்கமான வரம்பான 1000ஐத் தொட்டு விழும். டிக்ஷனரியைப் பிரித்தால் கீ மட்டும் வரும், வேல்யூ போய்விடும். பைட்ஸைப் பிரித்தால் எண்கள். மோர்-ஐடெர்டூல்ஸ் என்ற வெளிப் பேக்கேஜில் உள்ள "கொலாப்ஸ்" ஃபங்ஷனுக்கு அடுக்கு எத்தனை, எந்த டைப்பை உடைக்கக்கூடாது என்று தனித்தனி ஆர்க்யுமென்ட் இருப்பது இதனால்தான். இந்தக் கேள்விகளுக்கு எல்லோரும் ஒப்பும் ஒரே பதில் இல்லாதவரை முன்மொழிவு நகராது.

ஒரு அடுக்கு போதுமென்றால் ஐடெர்டூல்ஸில் "செயின்.ஃப்ரம்_இட்டரபிள்" இருக்கிறது. காலி லிஸ்ட்டோடு சம் போட்டுக் கூட்டாதீர்கள். ஒவ்வொரு கூட்டலிலும் முழு லிஸ்ட்டும் புதிதாகக் காப்பியாகும். லிஸ்ட்கள் இரட்டித்தால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

பதில் 3:
என் ஓட்டு ஃபர்ஸ்டுக்கு. இட்டரேட்டரில் அடுத்த உறுப்பைத் தரும் நெக்ஸ்ட் போடலாமே என்பார்கள். ஆனால் டிஃபால்ட் கொடுக்க மறந்து, வந்தது காலியாகவும் இருந்தால் "இனி உறுப்பில்லை" என்னும் ஸ்டாப்இட்டரேஷன் எழும். ஜெனரேட்டருக்குள் இது நடந்தால் 3.7 முதல் ரன்டைம்எரராக மாறுகிறது. அதற்கு முன் ஜெனரேட்டர் பிழையே காட்டாமல் பாதியில் முடிந்துவிடும். ஃபர்ஸ்ட், காலியென்றால் வேல்யூஎரர் எழுப்பினால் இந்தக் குழி அடைபடும். டிஃபால்ட்டை "நன்" (None, எதுவுமில்லை என்ற மதிப்பு) என்று நிலையாக வைக்காதீர்கள். முதல் உறுப்பே நன்னாக இருந்தால் வேறுபடுத்த முடியாது.

வரிசை இப்படி: முதலில் ஐடெர்டூல்ஸ் ஆவணத்தின் ரெசிபி (மாதிரி கோடு) பகுதியையும் மோர்-ஐடெர்டூல்ஸையும் பாருங்கள், பெயரும் நடத்தையும் அங்கே பயன்பாட்டில் தேறியிருக்கும். பிறகு பைத்தானின் டிஸ்கஷன் தளத்தில் ஐடியாஸ் பிரிவில், ஒரே ஒரு ஃபங்ஷனை மட்டும் எழுதுங்கள். நான்கையும் சேர்த்துப் போட்டால் ஃபிளாட்டன் சர்ச்சையில் ஃபர்ஸ்டும் மூழ்கும். காலி, ஜெனரேட்டர், முடிவில்லாத இட்டரேட்டர், ஸ்ட்ரிங் ஆகிய நான்கிலும் என்ன நடக்கும் என்பதைச் சொல்லுங்கள். காலத்தையும் கவனியுங்கள்: பைத்தானின் புதிய பதிப்பு ஆண்டுதோறும் அக்டோபரில் வெளியீடு, மே மாத பீட்டாவோடு (சோதனைப் பதிப்பு) புதிய அம்சங்களுக்குக் கதவடைப்பு.

கேட்டவர்:
நன்றி. ஃபர்ஸ்ட் மட்டும் எழுதுகிறேன். தமிழ் ஸ்ட்ரிங்கைத் துண்டாக்கவும் பேட்ச்ட் போதுமா?

பதில் 1:
போதாது. "தமிழ்" பைத்தானுக்கு 5 கோட்பாயின்ட் (யூனிகோடில் தனி எண் பெற்ற குறி; கொக்கி, புள்ளி ஒவ்வொன்றும் தனி). 2 2 ஆக வெட்டினால் "மி"யின் கொக்கி அடுத்த துண்டுக்குப் போய்விடும், புள்ளி தனியே நிற்கும். ரெஜெக்ஸ் என்ற வெளிப் பேக்கேஜில் பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் போட்டு முதலில் எழுத்தெழுத்தாகப் பிரியுங்கள், பிறகு பேட்ச்ட். அப்போதும் "க்ஷ" க், ஷ என இரண்டாகத்தான் வரும், அதை நீங்களே ஒட்ட வேண்டும்.