கரண்ட் போய் வந்ததும் வீட்டுச் சர்வர் மவுன்ட் ஆகவில்லை: எஃப்எஸ்சிகே ஓட்டலாமா?

மேகமில்லாதவன்

வணக்கம். வீட்டில் சின்னதாக ஒரு லினக்ஸ் சர்வர் ஓடுகிறது. 4 டிபி டிஸ்க் இரண்டு, எம்டிஅட்ம் என்ற ரெய்ட் கருவி வைத்து ரெய்ட் 1 (இரண்டிலும் ஒரே டேட்டா), அதன்மேல் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம். குடும்பப் போட்டோ, வீடியோ, ஸ்கேன் செய்த பத்திரங்கள் எல்லாம் அதில்தான். தனி பேக்கப் கிடையாது. பெரிய ஃபோல்டர் ஒன்று காப்பி ஆகிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. திரும்ப ஆன் செய்தால் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கிறது. கையால் மவுன்ட் செய்தால் "ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்" என்கிறது. இதற்குமேல் எதையும் தொடவில்லை. ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்த்துத் திருத்தும் எஃப்எஸ்சிகேயை ஓட்டிவிடலாமா?

சட்டுனுமுடி

இதுக்கெல்லாம் பயப்படாதீங்க ப்ரோ. எஸ்டிஏ1 (முதல் டிஸ்க்கோட பார்ட்டிஷன்) மேல இ2எஃப்எஸ்சிகே (எக்ஸ்ட்4-க்கான எஃப்எஸ்சிகே), கூடவே -ஒய். எல்லாத்துக்கும் அதுவே ஆமா சொல்லிக்கும். போய்த் தூங்குங்க, காலைல சரியாயிருக்கும்.

செக்டர்சித்தர்

நண்பரே, மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீங்க. இரண்டு காரணம்.

எஸ்டிஏ1 உங்க ஃபைல் சிஸ்டம் இல்லை, ரெய்டோட ஒரு உறுப்பு. ரெய்ட் தகவல் 1.2 வகையா இருந்தா அது பார்ட்டிஷன் தொடக்கத்துலயே உட்கார்ந்திருக்கும், எக்ஸ்ட்4 அதுக்கு அப்புறம் தள்ளித்தான் ஆரம்பிக்கும். அங்கே எஃப்எஸ்சிகே ஓட்டினா சூப்பர்பிளாக்கே (ஃபைல் சிஸ்டத்தோட அடிப்படைத் தகவல் இருக்கற இடம்) இல்லைன்னு கத்தும், அதோட போச்சு. ஆனா பழைய 0.90, 1.0 வகைன்னா ரெய்ட் தகவல் கடைசியில இருக்கும். அப்போ எஃப்எஸ்சிகே ஜம்முனு ஓடி ஒரு டிஸ்க்கை மட்டும் மாத்திட்டுப் போயிடும், இன்னொண்ணுக்கு விஷயமே தெரியாது. ஓட்டறதா இருந்தா இரண்டு டிஸ்க்கும் சேர்ந்த ரெய்டான எம்டி0 மேலதான்.

இரண்டாவது அந்த -ஒய். எஃப்எஸ்சிகே வேலை ஃபைல் சிஸ்டத்தோட கணக்கை நேராக்கறது. உங்க போட்டோவைக் காப்பாத்தறது அதோட வேலையில்லை. கணக்குக்கு ஒத்துவராத ஐநோடை, அதாவது ஒரு கோப்போட விவரப் பதிவைத் துடைச்சுட்டாலும் அதுக்குக் கணக்கு நேர்தான். டிஸ்க்கே செத்துக்கிட்டிருந்தா இன்னும் மோசம். படிக்க முடியாத பிளாக் வந்ததும் "இக்னோர் எரர்?" கேட்கும், அடுத்து "ஃபோர்ஸ் ரீரைட்?" கேட்கும். இரண்டுக்கும் ஆமா சொன்னா, படிக்க முடியாத இடத்துல கையில கிடைச்சதை எழுதிட்டுப் போயிடும். அதுக்கப்புறம் அந்த பிளாக்கை யாராலும் மீட்க முடியாது.

ஆகவே முதல்ல டிஸ்க், கேபிள் நிலவரம். ஃபைல் சிஸ்டம் கடைசி. ப்ராக்கில் இருக்கற எம்டிஸ்டாட் (ரெய்ட் நிலவரம்), இரண்டு டிஸ்க்குக்கும் எம்டிஅட்ம் எக்சாமின் (டிஸ்க்குல இருக்கற ரெய்ட் தகவல்), ஸ்மார்ட்சிடிஎல் -ஏ (டிஸ்க்கோட உடல்நிலை), கர்னல் லாக்ல ஏடிஏ, எம்டி சம்பந்தப்பட்ட வரிகள். இதெல்லாம் வெறுமனே படிக்கறதுதான், ஒண்ணும் கெடாது.

மேகமில்லாதவன்

எடுத்துவிட்டேன். எம்டிஸ்டாட்டில் எஸ்டிஏ1 மட்டும்தான் இருக்கிறது, பக்கத்தில் [2/1] [யூ_], அதாவது இரண்டில் ஒன்றுதான் ஓடுகிறது. கர்னல் லாக்கில் "கிக்கிங் நான்-ஃப்ரெஷ் எஸ்டிபி1 ஃப்ரம் அரே" என்று ஒரு வரி. எக்சாமினில் எஸ்டிஏ1-க்கு ஈவென்ட்ஸ் (ரெய்ட் மாற்றங்களின் எண்ணிக்கை) 48210, எஸ்டிபி1-க்கு 31774. எஸ்டிபி1-இன் அப்டேட் டைம் போன மாதத் தேதி! ரெய்ட் தகவல் 1.2, டேட்டா ஆஃப்செட் (டேட்டா தொடங்கும் தூரம்) 264192 செக்டர்.

ஸ்மார்ட்: எஸ்டிஏவில் 5-ஆம் எண் (மாற்றப்பட்ட செக்டர்) 16, 197-ம் 198-ம் (படிக்க முடியாத செக்டர்) 56. எஸ்டிபியில் 5, 197 இரண்டும் பூஜ்ஜியம், ஆனால் 199 மட்டும் 1137. மவுன்ட் செய்யும்போதெல்லாம் எஸ்டிஏவில் படிக்க முடியவில்லை என்று லாக்கில் வருகிறது.

சட்டுனுமுடி

அட, எஸ்டிபி நல்லாத்தானே இருக்கு. அதை எம்டிஅட்ம் ஆட் போட்டுத் திரும்பச் சேர்த்துட்டா ரெய்டே சரி பண்ணிக்காதா?

செக்டர்சித்தர்

இருக்கறதுலயே ஆபத்தான யோசனை அதுதான். ரெய்ட் எந்தப் பக்கத்துலேர்ந்து எந்தப் பக்கத்துக்கு எழுதும்னு பாருங்க. ஈவென்ட்ஸ் அதிகமா இருக்கற எஸ்டிஏதான் அதுக்குப் புதுசு. சாகற டிஸ்க்குல இருக்கறதை எடுத்து நல்ல டிஸ்க் மேல எழுத ஆரம்பிக்கும், பாதியில படிக்க முடியாத செக்டர் வந்ததும் நின்னுடலாம். ஆட், ரீ-ஆட் எது போட்டாலும் திசை இதுதான்.

மேகமில்லாதவன், நடந்தது இதுதான்னு நினைக்கிறேன். 199 கேபிள் வழியா வர்ற டேட்டா சிதையறப்போ ஏறும் எண், டிஸ்க் பரப்புக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. எஸ்டிபியோட கேபிள் தகராறு பண்ணி, போன மாசமே அது ரெய்ட்லேர்ந்து விழுந்திருக்கு. அப்போலேர்ந்து எல்லாம் எஸ்டிஏவில மட்டும்தான் எழுதப்பட்டிருக்கு. அந்த எஸ்டிஏவில 56 செக்டர் படிக்க முடியாம நிக்குது, அதுல ஒண்ணு சூப்பர்பிளாக் மேலயே விழுந்திருக்கலாம். கரண்ட் போனது கதையைக் கிளப்பிவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு நல்ல சேதியும் இருக்கு. பேக்கப் இல்லைன்னு சொன்னீங்க, போன மாசத் தேதியில ஒரு பேக்கப் தானாவே உருவாகியிருக்கு. எஸ்டிபியைக் கழற்றி ஓரமா வைங்க.

இப்போ எஸ்டிஏவைப் புது டிஸ்க்குக்கு அப்படியே நகல் எடுக்கணும். புதுசு செக்டர் கணக்குல சமமாவோ பெரிசாவோ இருக்கணும். லைவ் யூஎஸ்பியில பூட் பண்ணி, ரெய்ட் தானா எழுந்திருந்தா ஸ்டாப் பண்ணிட்டு, கெட்ட டிஸ்க்கை நகலெடுக்கற டிடிரெஸ்க்யூவை ஓட்டுங்க. முதல் சுற்று -என், நல்லா இருக்கற இடங்களை எல்லாம் முதல்ல அள்ளிடும். அடுத்த சுற்று -டி -ஆர்3, விட்டுப்போனதை மட்டும் தோண்டும். எது வந்தது, எது வரலைன்னு குறிக்கற மேப் கோப்பை மூணாவது இடத்துல, பென்டிரைவ் மாதிரி எதுலயாவது வைங்க. நடுவுல நின்னாலும் அதைப் பார்த்துத்தான் தொடரும். எது மூலம், எது நகல்னு எஸ்டிஏ எஸ்டிசி பெயரை நம்பாதீங்க, பூட்டுக்குப் பூட்டு மாறும். டிஸ்க் மேல ஒட்டியிருக்கற சீரியல் எண்ணை வச்சு உறுதி பண்ணுங்க. திசை மாறினா ஒண்ணுமில்லாத டிஸ்க் உங்க போட்டோ மேல ஏறிடும்.

நகல் முடிஞ்சதும் எஸ்டிஏவையும் கழற்றிடணும். இரண்டுக்கும் ஒரே யூயூஐடி (அடையாள எண்). இரண்டும் மாட்டியிருந்தா ரெய்ட் எதை எடுக்கும்னு உத்தரவாதம் கிடையாது.

ஐநோடு_இல்லாதவர்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே கதை, ஆனால் எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு ஃபைல் சிஸ்டம். எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர் ஓட மறுத்து -எல் போடச் சொல்கிறது. போடலாமா?

செக்டர்சித்தர்

-எல் ஜர்னலை, அதாவது முடியாத மாத்தங்களோட குறிப்பேட்டைத் துடைச்சுடும், கடைசியா எழுதினது போயிடும். முதல்ல ஒருதடவை மவுன்ட் பண்ணி, அன்மவுன்ட் பண்ணிட்டு ரிப்பேர் ஓட்டுங்க. மவுன்ட் பண்றப்பவே ஜர்னல் ஓடிடும். மவுன்டே ஆகலைன்னாதான் -எல், அதுவும் நகல் மேல. மத்ததைத் தனி இழையில கேளுங்க.

மேகமில்லாதவன்

டிடிரெஸ்க்யூ முடிந்தது. 28672 பைட் மட்டும் கிடைக்கவில்லை, மற்றதெல்லாம் வந்துவிட்டது. மேப் கோப்பில் கெட்ட இடங்களில் முதலாவது 08200000 என்று பதினாறடிமானத்தில் இருக்கிறது. இது எந்த இடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

செக்டர்சித்தர்

28672-ஐ 512-ஆல வகுத்தா 56. ஸ்மார்ட் சொன்ன அதே 56. 4096 பைட் பிளாக்குல கணக்குப் போட்டா ஏழு பிளாக்.

08200000-ஐப் பத்தடிமானத்துக்கு மாத்தினா 136314880. 512-ஆல வகுத்தா 266240-ஆவது செக்டர். அதுல பார்ட்டிஷன் தொடங்கற செக்டர் (வழக்கமா) 2048, டேட்டா ஆஃப்செட் 264192, இரண்டையும் கழிச்சா பூஜ்ஜியம். அதாவது எக்ஸ்ட்4-ஓட முதல் பிளாக். சூப்பர்பிளாக் அதுக்குள்ளதான், 1024-ஆவது பைட்ல ஆரம்பிக்கும். மவுன்ட் ஏன் ஆகலைன்னு இப்போ புரியுதா? மத்த ஆறு இடத்தையும் இதே மாதிரி கழிச்சு, மிச்சத்தை 8-ஆல வகுத்துக் குறிச்சு வைங்க. பின்னாடி வேணும்.

சூப்பர்பிளாக்குக்கு நகல்கள் இருக்கு. 4096 பைட் பிளாக்னா ஒரு குரூப்புக்கு 32768 பிளாக். முதல் நகல் 32768-இல், அப்புறம் 98304, 163840, 229376. இதைக் கண்டுபிடிக்க ஃபார்மட் பண்ற எம்கேஇ2எஃப்எஸ்ஸை -என் போட்டு ஓட்டச் சொல்லுவாங்க. அந்த -என் விட்டுப்போனா புதுசா ஃபார்மட் ஆகிடும், அந்த வம்பே வேண்டாம்.

புது டிஸ்க்கை மட்டும் வச்சு அசெம்பிள், ரன், ரீட்ஒன்லி மூணும் சேர்த்து எம்டி0-வை எழுப்புங்க. கிரியேட் மட்டும் கனவுலயும் போடாதீங்க. அப்புறம் எம்டி0 மேல எதையும் மாத்தாம பார்க்க மட்டும் செய்யற இ2எஃப்எஸ்சிகே -என், கூட சின்ன பி 32768, பெரிய பி 4096. பிழை மளமளன்னு கொட்டும், பயப்படாதீங்க. -என்னில ஜர்னலை ஓட்டாது, அதனால ஜர்னல் சரிபண்ணியிருக்கக்கூடியதையும் பிழையாத்தான் காட்டும்.

நிஜமா ஓட்டறப்போ எம்டி0-வை ரீட்ரைட்டுக்கு மாத்திட்டு, -இசட் போட்டு அன்டூ கோப்பு ஒண்ணை வேற டிஸ்க்குல வைங்க. மாத்தற ஒவ்வொரு பிளாக்கோட பழைய உள்ளடக்கமும் அதுல சேரும், பிடிக்கலைன்னா இ2அன்டூ வச்சுத் திரும்பிடலாம். 1.43-லேர்ந்து இருக்கற வசதி, ஏனோ யாரும் சொல்றதில்லை. நகல் சூப்பர்பிளாக்ல "நீட்ஸ் ரெக்கவரி" கொடி இருக்காது. அதனால "கொடி இல்லை, ஆனா ஜர்னல்ல டேட்டா இருக்கு, ஓட்டவா?"ன்னு கேட்கும். ஆமா சொல்லுங்க. இல்லைன்னா கரண்ட் போறதுக்கு முந்தி நடந்த மாத்தமெல்லாம் காத்துல.

மேகமில்லாதவன்

நீங்கள் சொன்ன கேள்வி அப்படியே வந்தது! ஆம் என்றேன். ஓடி முடிந்து எக்சிட் கோட் 1. மவுன்ட் ஆகிவிட்டது அண்ணா, போட்டோக்கள் திறக்கின்றன. ஆனால் "வீடியோ" ஃபோல்டருக்குள் இருந்த சப்-ஃபோல்டர்கள் எதுவும் அங்கே இல்லை. லாஸ்ட்+ஃபவுண்டுக்குள் #12845057, #12845311 என்று எண்ணாகக் கிடக்கின்றன. உள்ளே கோப்புகளின் பெயர் சரியாக இருக்கிறது. நேரடியாக "வீடியோ"வில் கிடந்த கோப்புகளுக்குப் பெயரே இல்லை, வெறும் எண்.

செக்டர்சித்தர்

1-னா பிழை இருந்தது, திருத்தியாச்சுன்னு அர்த்தம். 4 வந்திருந்தா இன்னும் மிச்சம் இருக்குன்னு சொல்லியிருப்பேன். கெட்ட ஏழுல ஒண்ணு "வீடியோ" ஃபோல்டரோட பெயர்ப் பட்டியல் இருந்த பிளாக். பட்டியல் போச்சு, பிள்ளைங்க அனாதையாகி லாஸ்ட்+ஃபவுண்டுக்கு வந்துட்டாங்க. ஒவ்வொண்ணாத் திறந்து பார்த்துத்தான் பெயர் வைக்கணும்.

ஆந்தைவிழி

திறந்து பார்க்கத் தேவையில்லை. # பக்கத்தில் இருக்கும் எண்தான் அந்த ஃபோல்டரின் ஐநோடு எண். எஸ்டிபி இதே ஃபைல் சிஸ்டத்தின் போன மாத நகல் என்பதால், அதிலும் அதே ஃபோல்டருக்கு அதே ஐநோடு எண்தான், பெயரும் பாதையும் சேர்ந்து. சாதாரண பேக்கப்பில் இந்த வசதி கிடைக்காது, ஃபைலாகக் காப்பி செய்தால் எண் மாறிவிடும்.

புது டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, எஸ்டிபியை வேறு கேபிளில் தனியாக மாட்டுங்கள். லைவ் யூஎஸ்பியில் ரன், ரீட்ஒன்லி போட்டு எழுப்பி, மவுன்ட் செய்யும்போது ஆர்ஓ, நோலோட் இரண்டும் கொடுங்கள். நோலோட் இல்லாவிட்டால் ரீட்ஒன்லி மவுன்டிலும் ஜர்னலை ஓட்டப் பார்க்கும். ஃபைண்ட் கட்டளையில் பிரிண்ட்எஃப் வைத்து ஐநோடு எண்ணும் பாதையும் வரிக்கு ஒன்றாக ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி, பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். போன மாதத்துக்குப் பிறகு அழித்த கோப்பின் எண் புதுக் கோப்புக்குப் போயிருக்கலாம். அதனால் பெயர் மாற்றும் முன் அளவையும் தேதியையும் ஒரு பார்வை பாருங்கள்.

சட்டுனுமுடி

இது செமையா இருக்கே! நானும் குறிச்சு வச்சுக்கறேன்.

மேகமில்லாதவன்

அபாரம். சப்-ஃபோல்டர்கள் அத்தனைக்கும் பழைய பெயர் கிடைத்துவிட்டது. பெயரில்லாத கோப்புகளில் போன மாதத்துக்குப் பிறகு வந்தவற்றை மட்டும் ஓட்டிப் பார்த்துப் பெயர் வைத்தேன். மிச்சம் ஐந்து கெட்ட பிளாக் எங்கே விழுந்தன?

செக்டர்சித்தர்

குறிச்சு வச்ச பிளாக் எண்களை, எக்ஸ்ட்4-ஐ உள்ளே பார்க்கற டீபக்எஃப்எஸ்-இல் ஐசெக் போட்டுக் கொடுங்க, ஐநோடு எண் வரும். அதை என்செக்ல கொடுத்தா பாதை வரும்.

மேகமில்லாதவன்

நாலு பிளாக் ஒரே வீடியோவில், ஒன்று யாருக்கும் சொந்தமில்லாத காலி இடத்தில். அந்த வீடியோ எஸ்டிபியிலும் இருக்கிறது, அங்கே முழுதாக ஓடுகிறது, எடுத்துவிட்டேன். இனி எஸ்டிபியை ரெய்டில் சேர்க்கலாமா?

செக்டர்சித்தர்

சேர்த்த நிமிஷத்துலேர்ந்து அந்தப் பழைய நகல் அழிய ஆரம்பிக்கும். அதனால எல்லாத்தையும் முதல்ல ரெய்டுக்கு வெளியே வேற டிஸ்க்குல ஒரு காப்பி எடுங்க, அப்புறம் ஆட் போடுங்க. 199 பூஜ்ஜியத்துக்குத் திரும்பாது, 1137-லயே நின்னா கேபிள் சரியாயிடுச்சுன்னு அர்த்தம். ஏறினா போர்ட்டை மாத்திப் பாருங்க.

எம்டிஅட்ம் கான்ஃபிக்ல மெயில்அட்ர் வரியில உங்க முகவரியைப் போட்டு, மானிட்டர், ஸ்கேன், ஒன்ஷாட், டெஸ்ட் நாலும் சேர்த்து ஓட்டுங்க. சோதனை மெயில் வரணும். ஸ்பேம்லயும் தேடுங்க.

மேகமில்லாதவன்

ஸ்பேமில்தான் கிடந்தது. இன்பாக்ஸுக்கு வரும்படி ஃபில்டர் போட்டுவிட்டேன். வெளி டிஸ்க்குக்குக் காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது, முடிந்ததும் எஸ்டிபியைச் சேர்க்கிறேன். மூன்று பேருக்கும் நன்றி, இழையைத் தீர்ந்தது என்று குறித்துவிடுகிறேன்.