லிவிங் வில்லில் "எனக்கு எது முக்கியம்" பகுதியில் என்ன எழுதுவது?

வைகைக்கரை:
வயது 68. சர்க்கரையும் பிரஷரும் உண்டு, நடமாட்டத்துக்குக் குறைவில்லை. லிவிங் வில் (பேச முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் ஆவணம்) எழுத உட்கார்ந்தால் "யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது, நிம்மதியாப் போகணும்" என்பதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. இது போதுமா? மாஜிஸ்திரேட் முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டுமாமே?

வெள்ளைக்கோட்டு:
போதாதுங்க ஐயா. ராத்திரி 2 மணிக்கு ஐசியுவில் அந்த வரியைப் படிக்கிற டாக்டருக்கு என்ன செய்வது, எதை விடுவது என்று அதிலிருந்து ஒன்றும் தெரியாது. நம்ம ஊரில் பாதிப் பேர் எழுதுவது "பாரம்" என்ற சொல்லைத்தான். அதை உடைத்துப் பாருங்க. மருத்துவச் செலவுக்கு வீட்டை விற்றுவிடுவார்களோ என்ற பயமா? மகன் குளிப்பாட்டிவிடும் நிலை வருமோ என்ற கூச்சமா? ஆள் அடையாளம் தெரியாமல் கிடப்பதா? மூன்றுக்கும் பதில் வேறு. பணம்தான் கவலை என்றால் ஒரு தொகையையே எழுதலாம். கூச்சம்தான் என்றால், வீட்டுக்கு வரும் நர்ஸை வைத்தே தீர்க்கலாம், சிகிச்சையை மறுக்க அது காரணமே இல்லை.

அப்புறம், எது போனாலும் பரவாயில்லை, எது போனால் வேண்டாம் என்று பிரியுங்க. ஒருவருக்குக் கால் போனாலும் பேரன் பேச்சு காதில் விழுந்தால் போதும். இன்னொருவருக்குக் கழிவறைக்குத் தானாகப் போக முடிவதுதான் எல்லைக்கோடு. இதை நேராக எழுதுங்க: "வீட்டாரை அடையாளம் தெரியாத நிலை, திரும்ப வாய்ப்பில்லை என்றால், மூக்கு வழி டியூப் உணவு, டயாலிசிஸ், இதயம் நின்றபின் மார்பை அழுத்துவது வேண்டாம். வலிக்கு மார்ஃபின் (கடும் வலி போக்கும் மருந்து) தரலாம். முடிந்தால் வீட்டில்."

சட்டப்புள்ளி:
மாஜிஸ்திரேட் விதி 2018 தீர்ப்பில் இருந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே அதைத் தளர்த்திவிட்டது. இப்போது இரண்டு சாட்சிகள், அதன்மேல் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி சான்று. சாட்சிகள் வெளியாட்களாக இருப்பது நல்லது. உங்களுக்காக முடிவெடுக்கும் நபரின் பெயர் கட்டாயம் வேண்டும், ஒருவருக்கு மேலும் போடலாம். எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம், இரண்டு ஆவணம் இருந்தால் கடைசியாகக் கையெழுத்திட்டதே செல்லும்.

ஆஸ்பத்திரியில் காகிதத்தைக் காட்டிய உடனே எதையும் நிறுத்திவிட மாட்டார்கள். சிகிச்சை தரும் டாக்டரும் குறைந்தது 2 நிபுணர்களும் உள்ள முதல் குழு, பிறகு மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் டாக்டர் உள்ள இரண்டாவது குழு, இரண்டும் ஒப்ப வேண்டும். ஒவ்வொரு குழுவும் 48 மணி நேரத்துக்குள் சொல்வது நல்லது என்கிறது தீர்ப்பு. பீரோவில் பூட்டி வைத்தால் இதெல்லாம் தொடங்கவே தொடங்காது. பெயர் போட்டவருக்கும் குடும்ப டாக்டருக்கும் ஒவ்வொரு நகல் கொடுங்க, உள்ளாட்சி அலுவலகத்திலும் ஒன்று.

மூச்சுக்காற்று:
ஒரு எச்சரிக்கை. "வென்டிலேட்டர் வேண்டவே வேண்டாம்" என்று மொட்டையாக எழுதாதீங்க. நிமோனியாவுக்கோ பாம்புக்கடிக்கோ சில நாள் வைத்து எடுத்தால் எழுந்து நடப்பவர்கள் நிறைய. "குணமாகும் நோய் என்றால் வைக்கலாம், 5 நாளில் முன்னேற்றம் இல்லையென்றால் மறுபடி முடிவு செய்யுங்கள்" என்பது போல எழுதலாம். எத்தனை நாள் என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுப் போடுங்க.

வைகைக்கரை:
நன்றி. மூத்த மகன் பெயர்தான் போட வேண்டுமா? ஊர் வழக்கம் அப்படி.

வெள்ளைக்கோட்டு:
வயசு வரிசை பார்க்காதீங்க. சொந்தக்காரங்க சுற்றி நின்று "இன்னும் ரெண்டு நாள் பாக்கலாமே" என்று அழும்போது, "அப்பா இப்படித்தான் சொன்னார்" என்று சொல்லக்கூடிய பிள்ளை யாரோ, அவர் பெயர். மற்ற பிள்ளைகளையும் உட்கார வைத்து வாசித்துக் காட்டிவிடுங்க. கடைசி நேரத்தில் முரண்டு பிடிப்பது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிற பிள்ளைதான், அதனால் அவரை வீடியோ காலிலாவது சேர்த்துக்குங்க.