மகன் காணாமலாக்கப்பட்ட அம்மாவோடு எப்படிச் செபிப்பது?

கேள்வி (கிளிநொச்சி, அன்பியம் என்ற பங்குச் சிறுகுழுவின் பொறுப்பாளர்):
போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளித்த மகனைப் பற்றி இந்த அம்மாவுக்கு இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. செபமாலைக்கு வருவா. யாராவது "எல்லாம் கடவுள் சித்தம்" என்றால் எழும்பிப் போய்விடுவா. கார்த்திகை (நவம்பர்) 2, இறந்தோர் நினைவுநாளுக்கான பட்டியலில் யாரோ மகனின் பெயரையும் எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு கோவிலுக்கும் வருவதில்லை. என்ன செய்யலாம்?

பதில் (முழங்காவில்):
முதலில் அந்தப் பெயரைப் பட்டியலில் இருந்து எடுங்கள், எடுத்ததை அம்மாவிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். திருச்சபைச் சட்டம் 901இன்படி உயிரோடு இருப்பவர், இறந்தவர் யாருக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். ஆகவே யாருக்காகத் திருப்பலி என்று எழுதிக் கொடுக்கும் கருத்துச் சீட்டில் "ஆன்ம இளைப்பாற்றி" என்று எழுதாமல், "இன்னாருக்காக, எங்கிருந்தாலும் இறைவன் காக்கும்படி" என்று எழுதினால் போதும். சீட்டைக் கொடுக்கும்போதே பாதரிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள். அடுக்காகப் பெயர் வாசிக்கையில் பழக்கத்தில் "காலஞ்சென்ற" என்று வந்துவிடும்.

செபத்துக்கு 13ஆம் திருப்பாடலை எடுங்கள். ஆறே வசனம். 1–2 முறைப்பாடு, 3–4 மன்றாட்டு, 5–6 நம்பிக்கை. நாங்கள் விடுகிற பிழை, அந்த அம்மாவை 5ஆம் வசனத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடுவது. 4உடன் நிறுத்துங்கள், பிறகு மௌனம். மிச்சத்தை அவவே ஒருநாள் வாசிக்கட்டும், வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை. 88ஆம் திருப்பாடல் கடைசிவரை இருளிலேயே முடிகிறது. ஆனாலும் அதைப் பாடியவர் முதல் வரியிலேயே தன்னை மீட்கும் கடவுளைத்தான் கூப்பிடுகிறார். கடவுளோடு சண்டை பிடிக்கிறவர் இன்னும் அவரோடு கதைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அடம்பன்:
வியாகுல மாதா செபமாலையையும் சேருங்கள். ஏழு துயரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பரலோக மந்திரம், ஏழு அருள்நிறை மந்திரம். மூன்றாவது துயரம் எருசலேமில் மகனைத் தொலைத்துத் தேடியது. லூக்கா 2:48இல் "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று மாதாவே கேட்கிறா. நேரம் இல்லாவிட்டால் அந்த ஒரு துயரத்தை மட்டும் சொல்லலாம், ஏழையும் ஓடி முடிக்கத் தேவையில்லை.

மல்லாவி (சி.எஸ்.ஐ., தென்னிந்தியத் திருச்சபை):
எங்கள் சபையில் இறந்தோருக்காகச் செபிக்கும் வழக்கம் இல்லை, அதனால் அந்தத் தாயின் பெயரைச் சொல்லியே மன்றாடுவோம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் இருந்தது (2:13) சரி. விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் பிழையாய்ப் போனது. 42:7இல் கடவுள் கோபித்துக்கொண்டது அவர்கள்மேல்தான்.

ஒன்றைக் கண்டிப்பாகத் தடுங்கள்: "இந்த நத்தாருக்குள் மகன் வருவான், ஆண்டவர் சொன்னார்" என்று தீர்க்கதரிசனம் சொல்கிறவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். நாள் கடந்ததும் "உனக்கு விசுவாசம் காணாது" என்று பழியை அம்மாவின் தலையில் போடுவார்கள். நித்திரையும் சாப்பாடும் கிழமைக்கணக்கில் இல்லாவிட்டால் வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கூடவே போங்கள். செபத்தையும் விடத் தேவையில்லை.

கேட்டவர்:
நன்றி. "முறைப்பாடும் செபமா?" என்று மற்ற ஆக்கள் கேட்டால்?

முழங்காவில்:
மாற்கு 15:34ஐ வாசித்துக் காட்டுங்கள். சிலுவையில் இயேசு கதறியது 22ஆம் திருப்பாடலின் முதல் வரி. ஒவ்வொரு குருத்து ஞாயிறும் பதிலுரைப் பாடலாக அதைத்தான் பாடுகிறோம்.