ரிஜெக்ட் ஆன விசா: கடிதத்தைப் படித்த பிறகு தெரிந்தது

கடலூர், திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

2024 பிப்ரவரியில் எனக்கு ஜெர்மனி வேலை விசா ரிஜெக்ட் ஆனது. ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு சின்ன கம்பெனி, மெஷின் டிசைன் வேலை. ஒப்பந்தம் கையில் இருந்தது. சிப்காட்டில் பார்த்துக்கொண்டிருந்த வேலைக்கு நோட்டீஸ் கொடுத்து, கடைசி நாள் பிரியாணியும் வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. அதற்கு மறுவாரம்தான் விண்ணப்பம் போட்டுக் கொடுத்த பாண்டி கன்சல்டன்சியிலிருந்து போன். "சார், ரிஜெக்ட் ஆயிடுச்சு. இப்பல்லாம் நம்மாளுங்களுக்கு அவ்வளவா குடுக்கறதில்ல. அக்டோபர்ல மறுபடி போடலாம், ஒரு நாப்பதாயிரம் ரெடி பண்ணுங்க."

மறுப்புக் கடிதத்தைக் கேட்டேன். "அதுல ஒண்ணும் இருக்காது சார், எல்லாருக்கும் அனுப்பற லெட்டர்தான்" என்றார். பாஸ்போர்ட் திரும்பி வரவேண்டிய முகவரியாக அவர்கள் ஆபீஸ் முகவரியையே போட்டிருந்தார்கள். கையெழுத்துப் போடும்போது நான் அதைக் கவனிக்கவில்லை. மூன்று நாள் தொடர்ந்து பாண்டிக்கு பஸ் ஏறிப் போய் அங்கே உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் ரிசப்ஷனில் இருந்த பெண் பரிதாபப்பட்டு ஃபைலை எடுத்து வந்தார். பாஸ்போர்ட் தனியாக இருந்தது. கடிதம் மடித்த மடிப்பு கலையாமல், மூலையில் ஸ்டேப்ளர் பின்னோடு அப்படியே இருந்தது. இரண்டாம் பக்கத்தை யாரும் திருப்பியே பார்க்கவில்லை என்பது பார்த்த உடனே தெரிந்தது.

முழுக்க ஜெர்மன். செல்போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன், தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கோட்டக்குப்பம் நண்பன் ஒருவன் ஆரோவில்லில் இருக்கும் ஒரு ஜெர்மன் அம்மாவைத் தெரியும் என்றான். முப்பது வருடமாக இங்கே இருப்பவர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறார். திண்ணையில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். பிறகு ஒரு வரியில் விரலை வைத்து, "தம்பி, குடுக்க மாட்டோம்னு இதுல எங்கயும் எழுதல. நிரூபிக்கலன்னுதான் எழுதியிருக்கு" என்றார்.

நிரூபிக்காதது என் படிப்பை. வெளிநாட்டுப் பட்டம் ஜெர்மன் பட்டத்துக்குச் சமமா என்று பார்க்க அவர்களிடம் அனாபின் என்று ஒரு தரவுத்தளம் இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகம், உங்கள் பட்டம் இரண்டையும் அதில் தேடி, அந்தப் பக்கங்களைப் பிரின்ட் எடுத்து விண்ணப்பத்தோடு வைக்க வேண்டும். நான் படித்தது சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகம். கன்சல்டன்சி வைத்திருந்தது அண்ணா பல்கலைக்கழகத்தின் பக்கம். வெள்ளைக்காரர் குழம்பினால்கூடப் பரவாயில்லை, சிதம்பரத்துக்கும் கிண்டிக்கும் உள்ள தூரம் நம் ஊர் ஏஜென்டுக்குமா தெரியாது? உண்மையில் அந்த விசா அதிகாரி குழம்பவே இல்லை. சான்றிதழில் ஒரு பெயர், பிரின்டில் ஒரு பெயர் என்று சரியாகப் பிடித்திருந்தார்.

அப்போது ஜெர்மன் விசாவுக்கு ரெமான்ஸ்ட்ரேஷன் என்று ஒரு வழி இருந்தது. மறுத்த அலுவலகத்துக்கே ஒரு மாதத்துக்குள் எழுதி, மறுபடி பாருங்கள் என்று கேட்கலாம், கட்டணம் கிடையாது. நான் இரண்டே பத்தி எழுதினேன். புலம்பல் எதுவும் வைக்கவில்லை. தவறான பக்கம் இணைக்கப்பட்டுவிட்டது, சரியான பக்கம் இதோ, கூடவே என் பட்டத்துக்குத் தனி மதிப்பீட்டுச் சான்றிதழும் கேட்டிருக்கிறேன், வந்ததும் அனுப்புகிறேன் என்று மட்டும். அந்தச் சான்றிதழை அங்கே ஸாப் என்ற அலுவலகம் தருகிறது. சுமார் 200 யூரோ ஆனது, ஏழு வாரத்தில் வந்தது. ஜூன் மாதம் விசா கிடைத்தது.

அதற்குள் கம்பெனியில் ஆளை மாற்றிவிடுவார்களோ என்ற பயம்தான் பெரிய பயம். ரிஜெக்ட் ஆன அன்றே அவர்களிடம் சொல்லிவிட்டேன், கடிதம் கைக்கு வந்ததும் அதன் நகலையும் அனுப்பினேன். மறைத்திருந்தால் காத்திருந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2025 ஜூலை 1 முதல் ஜெர்மனி அந்த ரெமான்ஸ்ட்ரேஷன் முறையையே எடுத்துவிட்டது. இனி ரிஜெக்ட் ஆனால் புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். யூடியூபில் இன்னமும் பழைய வழியைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். என் மாதிரி ஒரு தாள் மாறிப்போன கேஸ் என்றால் 75 யூரோ கட்டிப் புதிதாகப் போடுவதே நல்லது. கோர்ட்டு கேஸ் எல்லாம் மாதக்கணக்கில் இழுக்கும்.

நெல்லிக்குப்பத்திலிருந்து:

அண்ணன் சொன்ன ஸ்டேப்ளர் பின்னைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அந்தப் பின்கூடக் கிடையாது. எஸ் பாஸ் என்பது சிங்கப்பூரின் ஒரு வகை வேலை அனுமதி. அதற்கு விண்ணப்பிப்பது நாம் இல்லை, அங்கே உள்ள முதலாளி. அதனால் ரிஜெக்ட் ஆன விவரமும் முதலாளிக்குத்தான் போகும். நமக்கு வருவது ஏஜென்டின் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ். என் ஏஜென்ட் அனுப்பியதை இன்னும் வைத்திருக்கிறேன்: "தம்பி, உன் டைம் சரியில்ல, ஒரு பரிகாரம் பண்ணிட்டு அடுத்த மாசம் போடலாம்." நானும் போய் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். அதை இப்போது மறைப்பானேன்.

அங்கே ஏசி சர்வீஸ் வேலையில் இருக்கும் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன்தான் அந்தக் கம்பெனிக்கே நேரில் போய் விசாரித்துச் சொன்னான். விஷயம் கோட்டா. சேவைத் துறைக் கம்பெனி என்றால் மொத்த ஆட்களில் 10 சதவீதம்தான் எஸ் பாஸில் வைக்கலாம். உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்துக் கணக்கு ஏறும், இறங்கும். என் பேப்பர் போன நேரத்தில் அங்கே இரண்டு சிங்கப்பூர்க்காரர்கள் வேலையை விட்டுப் போயிருக்கிறார்கள், எனக்கிருந்த இடம் அதோடு போயிற்று. என் டிப்ளமோ, என் அனுபவம், என் ஜாதகம் எதற்கும் இதில் சம்பந்தமே இல்லை.

ரிஜெக்ட் ஆனால் மூன்று மாதத்துக்குள் முதலாளி அப்பீல் போடலாம். முதலாளியோ அவர் நியமித்த ஏஜென்டோதான் போட வேண்டும், நாம் போட முடியாது. ரிஜெக்ட் ஆன காரணத்துக்குப் பதில் இருந்தால்தான் அப்பீலில் பயன். கோட்டாவே இல்லாதபோது அப்பீலுக்கு 25,000 என்று ஒருவர் கேட்டால், அந்தப் பணம் எதற்கு என்று கேளுங்கள்.

நான் கட்டியிருந்தது இரண்டரை லட்சம். அதில் பாதிதான் திரும்பியது, அதுவும் நான்கு தவணையில். பிறகுதான் தெரிந்தது, நம் நாட்டில் லைசென்ஸ் உள்ள ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். லைசென்ஸ் இருக்கிறதா என்று மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். என் ஆள் அதில் இல்லை. அவர் சப் ஏஜென்ட்டுக்கு சப் ஏஜென்ட். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார்.

முதுநகரிலிருந்து:

என் கதை சின்னது. பத்தாவது மார்க் ஷீட்டில் இனிஷியலோடு பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயர் முழுதாக. ஐடிஐ சான்றிதழில் இனிஷியலே இல்லை. குவைத் விசா வேலையில் ஒரே ஆள்தானா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நமக்கு அப்பா பெயர்தான் இனிஷியல் என்பதை அவர்களுக்கு எப்படி விளக்குவது? மூன்று பெயரும் ஒரே நபருடையதுதான் என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கி வைத்தேன், இரண்டாம் தடவை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் எல்லா இடத்திலும் அஃபிடவிட் செல்லாது, சிலர் கெஜட்டில் பெயர் மாற்றமே கேட்கிறார்கள். விண்ணப்பம் போடும் முன்னே எல்லாச் சான்றிதழையும் பாயில் பரப்பிவைத்து, பெயரை மட்டும் ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

வில்லியனூரிலிருந்து:

நான் நர்ஸ். 2023இல் இங்கிலாந்துக்கு, முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் கேர் ஒர்க்கர் வேலைக்குப் போட்டேன். வேலை கொடுக்கும் ஸ்பான்சரிடமிருந்து ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் வந்தது, டிபி டெஸ்ட் முடித்தேன், ஆங்கிலத் தேர்வும் முடித்தேன். ரிஜெக்ட் ஆனது பேங்க் கணக்கால்.

கணக்கில் 1,270 பவுண்டுக்குச் சமமான பணம் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். ஸ்பான்சரே பொறுப்பேற்றுக்கொண்டால் வேண்டாம், என் ஸ்பான்சர் ஏற்கவில்லை. கையில் அவ்வளவு காசு ஏது? அப்பா என் வளையலையும் அம்மாவின் செயினையும் நகைக்கடனில் வைத்து ஒன்றரை லட்சம் போட்டார். போட்டுப் பதினோராம் நாள் விண்ணப்பம் போயிற்று. ஏஜென்ட்டிடம் அம்மா கேட்டார்கள், இத்தனை நாள் இருக்கணுமாமே என்று. "பேலன்ஸ் இருந்தா போதும்மா" என்றார். கடிதத்தில் அந்தத் தேதியையே குறிப்பிட்டு எழுதியிருந்தார்கள். எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது, அதற்கு முன்தினம் எவ்வளவு இருந்தது என்று. முன்தினம் இருந்தது 3,412 ரூபாய். அந்த எண்ணை நான் மறக்கவே மாட்டேன்.

28 நாளுக்குள் 80 பவுண்டு கட்டி அட்மினிஸ்ட்ரேட்டிவ் ரிவ்யூ கேட்டேன். அது வீண்செலவு. அதிகாரி விதியைத் தப்பாகப் பயன்படுத்தினாரா என்று மட்டும்தான் அதில் பார்ப்பார்கள், பொதுவாகப் புதுப் பேப்பரைச் சேர்க்க முடியாது. என் விஷயத்தில் அவர் செய்தது சரி, தப்பு எங்கள் பக்கம். அந்த 80 பவுண்டைக் கட்டாமல், இன்னும் கொஞ்ச நாள் காத்திருந்து புதிதாகப் போட்டிருக்கலாம். அதற்குள் அந்த ஸ்பான்சர் வேறு ஆளை எடுத்துவிட்டார். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக கேர் ஒர்க்கர் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இப்போது பாண்டியிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் நைட் டியூட்டி பார்க்கிறேன். செயினைப் போன தையில் மீட்டோம், வளையல் இன்னும் உள்ளே இருக்கிறது.

ஸ்பான்சர்ஷிப் சான்றிதழுக்கென்று எட்டு லட்சம், பத்து லட்சம் கேட்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அது விலைக்கு வாங்கும் பொருள் இல்லை. காசுக்கு வாங்கியது தெரிந்தால் போன பிறகும் ஆபத்துதான்.

முத்தியால்பேட்டையிலிருந்து:

எங்கள் ஊரில் பிரெஞ்சு கன்சுலேட் இருப்பதால் எல்லாருக்கும் ஒரு நினைப்பு, கடற்கரைப் பக்கம் நடந்துபோய்ப் பேசினால் விசா விஷயம் முடிந்துவிடும் என்று. என் அக்கா மகனுக்கு பிரான்ஸ் வேலை விசா மறுத்தபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். எங்கள் தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் தாத்தா ஒருவர் மட்டும் சிரித்தார். நீண்டகால விசா மறுப்புக்கு முறையீடு பிரான்ஸில் நாந்த் நகரத்தில் இருக்கும் கமிஷனுக்குத்தான் எழுத வேண்டும், பிரெஞ்சில், 30 நாளுக்குள். அவர்தான் எழுதிக் கொடுத்தார், நான்கு தடவை அடித்துத் திருத்தி. இரண்டு மாதம் பதில் வரவில்லை என்றால் அதுவே மறுப்பு என்று அர்த்தமாம். பதில் வரவில்லை. பையன் இப்போது பெங்களூரில் இருக்கிறான்.

மீண்டும் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

வில்லியனூர்த் தங்கச்சி, அந்த 3,412 படித்ததும் மனசு கனத்துப்போயிற்று.

தனியாகச் சிலர் கேட்டதற்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை ரிஜெக்ட் ஆனால் அடுத்த விண்ணப்பத்தில் சொல்ல வேண்டுமா? சொல்லத்தான் வேண்டும். இதற்கு முன் எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா என்று பல நாட்டுப் படிவங்களில் கேள்வியே இருக்கிறது. புது பாஸ்போர்ட் எடுத்தால் பழையது தெரியாது என்று ஒரு ஏஜென்ட் என் சித்தப்பா மகனிடம் சொல்லியிருக்கிறார். கைரேகை வாங்கிவிட்டார்கள், அதை எந்த பாஸ்போர்ட் ஆபீசில் மாற்றுவது? இங்கிலாந்தில் பொய் சொன்னது பிடிபட்டால் பத்து வருடம் வரை கதவை மூடிவிடுவார்கள். ரிஜெக்ட் ஆனது பெரிய குற்றமில்லை, என்ன காரணம், அதை எப்படிச் சரிசெய்தேன் என்று மூன்று வரி எழுதினால் போதும்.

கன்சல்டன்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேரமில்லாதவர்கள் கொடுக்கட்டும். திரும்பி வரும் முகவரி, ஈமெயில், போன் நம்பர் மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும். அனுப்பும் முன் மொத்த ஃபைலையும் ஸ்கேன் செய்து வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

ஆரோவில் அம்மாவுக்கு இந்தப் பொங்கல் லீவில் பண்ருட்டி முந்திரி இரண்டு கிலோ கொண்டுபோய்க் கொடுத்தேன். போன வருடம் லண்டனுக்கு டூரிஸ்ட் விசா போட்டபோதும் அந்த மறுப்புக் கடிதத்தின் தேதியை எழுத வேண்டியிருந்தது. அதனால் கடிதத்தை லேமினேட் செய்துவைத்திருக்கிறேன், இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக.